எழுபத்தைந்தாம் இலக்க பஸ்

கட்ஃபோர்ட் போகிற எழுபத்தைந்தாம் இலக்க பஸ்ஸில்
படியடிச் சின்னத் திரை
ஒவ்வோர் இருக்கையாய்க் காட்டும், மேலிருந்து.
ஒரு பெடியனின் தொப்பி. ஒரு தள்ளுவண்டி.
பிறகு ஒரு மனுசியின் உச்சந்தலை:
உச்சி பிரித்த கோடு
ஆள் நடந்து நடந்து அகன்ற ஒழுங்கை,
இரு கரையிலும் மேய்ந்து முடித்த புல்.
பாவம் என்று நினைத்தேன்.
சால்வையை இழுத்து விட்டேன்.
அவளும் இழுத்து விட்டாள்.

அறுபத்தெட்டு வருசமும்
முன்னாலிருந்து மட்டுமே என்னைப் பார்த்திருக்கிறேன்.

அன்றிரவே தொடங்கிற்று.
சின்ன வெங்காயச் சாறு. கறிவேப்பிலை கருகக் காய்ச்சின எண்ணெய்.
பிரிகோட்டில் கண்மை தேய்த்துக்கொண்டு போன நாளில் மழை;
நெற்றிக்கு வடிந்ததைக் கண்டு
நூலகத்துப் பிள்ளை கடுதாசிக் கைக்குட்டை நீட்டினது.
டொக்டர் என் தலையைப் பார்க்கவில்லை,
கணினியைப் பார்த்துச் சொன்னார்: வயசு.
மூன்றாம் வீட்டுக் கும்பகோணத்துக்காரி அலமேலு
“மயிர் கொட்டுது” என்று நான் சொன்னதும்
காதைப் பொத்தினாள். “முடின்னு சொல்லுங்கோ.”
எந்தப் பேர் சொன்னாலும்
வடிகானை அடைக்கிறது ஒன்றுதான்.

கூந்தல் உள்ளவள் அள்ளி முடிவாள் என்பார்கள்.
இல்லாதவள்
அபெனாவின் கடை வாசல் வரை போய்
பக்கத்துக் கடையில் முட்டை வாங்கித் திரும்புவாள்.
அடுத்த கிழமையும் முட்டை.
மூன்றாம் கிழமை அலமாரியில் இடமில்லை. உள்ளே போனேன்.

சுவர் முழுக்க முகமில்லாத தலைகள்.
அபெனா நாடா பிடித்து அளந்தாள்,
காதிலிருந்து காது, நெற்றியிலிருந்து பிடரி.
“வெட்கமா?” என்று கேட்டு
தன் பொன்னிறச் சுருளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச்
சொறிந்தாள், நன்றாக, நகத்தால்.
நெற்றியோரம் அவளுக்கும் வெளி.
“இவள் வியாழனுக்கு,” என்றாள்,
“ஞாயிறு சேர்ச்சுக்கு வேறொருத்தி.”

முதலில் கறுத்ததைப் போட்டேன்.
கண்ணாடிக்குள் எண்பத்தாறாம் ஆண்டுக் கடவுச்சீட்டு;
கீழே இன்றைய கன்னம்.
அந்த மயிருக்கு நான் தாய் போல இருந்தேன்.
கெதியாய்க் கழற்றினேன்.

நரைத்ததை வாங்கினேன், கழுத்தளவு. தொண்ணூறு பவுண்.

குசினியில் கவிழ்த்த பால் சட்டியில் அது குந்தியிருந்தது.
சிற்றம்பலம் வந்து பார்த்தார்.
“ஆர் வந்திருக்கிறது?” என்றார்.
தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று
அதைத்தான் கேட்டார்.
மனுசன் முப்பத்தைந்து வயதிலேயே மொட்டை.
கலியாண வீடு, செத்த வீடு, எங்கேயும் பகிடி.
நானும்தான்:
பௌர்ணமி, விமானத் தளம்,
சீப்புச் செலவில்லாத புருசன்.
அவரும் சேர்ந்து சிரிப்பார்,
ஒருதரம் உள்ளங்கையால் தலையைத் துடைத்துக்கொண்டு.

கோயிலுக்குப் போட்டுப் போறதோ, விடுறதோ.
சனி முழுக்கப் போட்டேன், கழற்றினேன்.
காற்றடித்தால்?
விபூதிக்குக் குனிந்தால்?
றோகிணி கண்டுபிடித்தால்?
கண்டுபிடிக்காமல்
“உனக்கெண்டால் இன்னும் நல்ல மயிர்” என்றால்
அதற்கு என்ன முகம் வைக்கிறது?

விடியப்புறம் தண்ணீர் குடிக்க எழும்பினேன்.
குளியலறைக் கதவு நீக்கல். வெளிச்சம்.
கண்ணாடி முன்னால் அவர்,
பெனியனும் சாரமும்,
தலையில் என் நரைத்த மயிர்.
இளிக்கவில்லை. கோணங்கி காட்டவில்லை.
இரண்டு விரலால் இடப்பக்கம் ஒதுக்கினார்,
கலியாணப் படத்தில் ஒதுக்கியிருக்கிற
அதே பக்கம்.
பிறகு இன்னொருக்கா.

எப்போது தொடங்கினது, எப்படி இருந்தது என்று
ஒரு நாள் கேட்டதில்லை நான்.

மூன்றாம் படி கிரீச்சிடும். அதைத் தாண்டி இறங்கினேன்.
கீழே இருட்டில்
கேத்தலைப் போடாமல் நின்றேன்,
அவர் பார்த்து முடியட்டும் என்று.